தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு 59 வயது. வீட்டில் நான், மனைவி, எண்பதைக் கடந்த அம்மா. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. காவல் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். பல்லடத்திலும் சிவகிரியிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்களுக்குச் சரியான தூக்கமில்லை. இரண்டு முறை மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்தும் ஆள் அகப்படவில்லை. கொஞ்ச நாளாக மோட்டார் ரூமைச் சுற்றிக் கம்பி கட்டி, இரவில் மட்டும் கரண்ட் கொடுத்து வைக்கிறேன். துப்பாக்கி உரிமம் வாங்கலாமா? ராத்திரி வீட்டுக்குள் வருபவனைச் சுட்டாலோ வெட்டினாலோ என்மேல் கொலை வழக்கு வருமா? அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், அங்கே அடுத்தவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவனைச் சுட்டால் கேள்வியே கிடையாது என்கிறார். நம் ஊர்ச் சட்டம் திருடனுக்குத்தான் துணையா?
— ஒரு விவசாயி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

ஐயா, வணக்கம்.

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்துபோய், மோட்டார் ரூமைச் சுற்றிய கம்பிக்குக் கொடுத்திருக்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு வாருங்கள். கம்பியையும் அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். இரவில் மட்டும்தான் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட எழுந்து போவது யார்? நீங்கள்தான். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் மனைவி. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைத் தேடி, டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துப் பையனும் வரலாம். நான் அமர்வு நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். என் கைக்கு வந்த மின்வேலி வழக்குகளில் இறந்துபோனவர்கள் எல்லாருமே தெரிந்த முகங்கள்: கூலிக்கு வந்தவர், பக்கத்துக் காட்டுக்காரர், ஒரு வழக்கில் கம்பி கட்டியவரின் உடன்பிறந்த அண்ணன்.

இந்த விஷயத்தில் சட்டம் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. பீகாரில் 1959-ல் நடந்த ஒரு சம்பவம் உச்ச நீதிமன்றம் வரை போய் அறுபதுகளின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. ஒருவரின் பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. மறைப்பு இல்லாமல் போனதால் அந்த வீட்டார் இவருடைய கழிப்பறைக்கு வந்துபோகத் தொடங்கினார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் உறையில்லாத செப்புக் கம்பி ஒன்றைக் கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் பாய்ச்சினார். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்று எந்த எச்சரிக்கையும் வைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருவர் திரும்பி வரும்போது கம்பி பட்டு இறந்துபோனார். என் இடத்துக்குள் அத்துமீறி வந்தவர்தானே, என் சொத்தைக் காக்கும் உரிமை எனக்கு உண்டே என்று இவர் தரப்பில் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தார் என்பதற்காக ஒருவரின் உயிர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடாது. வருகிறவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்றே பொறி வைக்கும் உரிமை நிலத்துச் சொந்தக்காரருக்கு இல்லை என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது.

இன்றைக்கு அதே செயல், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றமாக வரும். ஐந்து ஆண்டு வரை சிறை. தொட்டால் சாவு வரும் என்று தெரிந்தே செய்தார் என்று அரசு வழக்கறிஞர் எடுத்துவைத்தால், அதைவிடக் கடுமையான 105-ஆவது பிரிவுக்கும், அதாவது கொலையாகாத மரணக் குற்றத்துக்கும், வழக்கு போகும். மின்சாரச் சட்டத்தின் நடவடிக்கை தனியாக வரும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததையும் அந்த விவசாயி கைதானதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. விட்டுவிட்டு லேசான அதிர்ச்சி தருகிற, தரச்சான்று பெற்ற சோலார் வேலி வேறு விஷயம். அதை விலங்குகளுக்காக முறைப்படி அமைத்துக்கொள்ளலாம். ஒயர் திருடனுக்கு அது பயன்படாது.

உங்கள் மைத்துனர் சொல்வதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டுக்குள் புகுந்தவனைச் சுடுவதற்குச் சட்டம் தாராளமாக இடம் தருகிறது என்பது உண்மை. ஆயுதம் வைத்திருப்பது அங்கே 1791 முதல் அரசியலமைப்பு தந்த உரிமை. ஆனால் அதே அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயத் தம்பதியின் கதை உண்டு. அவர்களுடைய பழைய பண்ணை வீடு ஆள் இல்லாமல் கிடந்தது. திரும்பத் திரும்ப அதை உடைத்துப் பொருட்களை எடுத்துப் போனார்கள். பொறுத்துப் பார்த்த தம்பதி 1967-ல், படுக்கையறைக் கதவைத் திறந்தால் தானாக வெடிக்கும்படி ஒரு துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். பழைய பாட்டில்களையும் ஜாடிகளையும் எடுக்க உள்ளே போனவனுக்குக் காலில் குண்டு பாய்ந்தது. அவன் வழக்குப் போட்டான். 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவன் பக்கமே தீர்ப்பளித்தது. 30,000 டாலர் இழப்பீடு. கட்டுவதற்காக அந்தத் தம்பதி நிலத்தை விற்க வேண்டியிருந்தது. நீங்கள் கம்பி கட்டியது போலத்தான் அவர்களும் எரிச்சலில் செய்தார்கள். உயிரை விடப் பொருள் பெரிதில்லை என்று அங்கேயும் நீதிமன்றம் சொன்னது.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நம் சட்டம் திருடனுக்குத் துணையா? இல்லை. ராத்திரி உங்கள் கதவை உடைத்து உள்ளே வருகிறவனுக்கு எதிராகச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை, ஊரில் பலரும் நினைப்பதைவிடப் பெரியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வந்திருக்கின்றன. எண்கள் மாறினவே தவிர உரிமை அப்படியேதான் இருக்கிறது. உங்கள் உடலை மட்டும் இல்லை, உங்கள் மனைவியை, அம்மாவை, வழியில் போகிற அந்நியர் ஒருவரைக் காக்கவும் நீங்கள் பலத்தைப் பயன்படுத்தலாம். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் தாக்குகிறவனின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும், 38-ஆவது பிரிவு. பாலியல் வன்முறைக்கும், கடத்தலுக்கும், அமில வீச்சுக்கும் எதிராக அப்படியே. சொத்துக்கும் 41-ஆவது பிரிவு உண்டு: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிர்ச்சேதம் வரும் என்று அஞ்சும்படியான சூழலில் நடக்கும் திருட்டு.

இந்தச் சட்டத்தை 1830-களில் எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். மெக்காலேயின் குழு. இந்த நாட்டு மக்கள் கொள்ளைக்காரனிடம் அடங்கிப் போகிறார்கள், எதிர்த்து நிற்கும் துணிவை இவர்களுக்கு ஊட்ட வேண்டும் என்று எண்ணித்தான் இந்த உரிமையை அகலமாக வைத்தார்கள். அவர்களுடைய குறிப்பிலேயே இது இருக்கிறது. பிறகு 1878-ல் அதே வெள்ளை அரசு ஆயுதச் சட்டம் போட்டு, இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. எதிர்த்து நில் என்று சொன்ன கையே ஆயுதத்தை வாங்கிக்கொண்டது. தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடு என்று இன்று எழும் குரலை நான் அலட்சியப்படுத்தாததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

நீதிமன்றங்களும் இந்த உரிமையைக் கஞ்சத்தனமாகப் பார்ப்பதில்லை. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கலவரம். ஒரு கடைக்காரரின் கட்டடத்தில் அவர் சகோதரரின் கடை இருந்த பகுதிக்குள் கும்பல் புகுந்து சூறையாடிவிட்டது. அடுத்து இவர் கதவைத் தடியால் இடிக்கத் தொடங்கியது. உள்ளே குடும்பம். இவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. சுட்டார்; ஒருவர் இறந்தார், சிலர் காயம்பட்டார்கள். கும்பல் இவர் பகுதிக்குள் இன்னும் நுழையவே இல்லையே என்று கீழ் நீதிமன்றத்தில் தண்டித்தார்கள். 1952-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கதவு உடைந்து கும்பல் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்து அச்சத்தைப் பிறகு நிதானமாக உட்கார்ந்து தராசில் நிறுக்க முடியாது என்றது. 2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கிலும் அதே வழியில்தான் உச்ச நீதிமன்றம் நின்றது. ஆபத்து உண்மையில் இருந்ததா என்பதுகூட இரண்டாவது. இருக்கிறது என்று அந்த இடத்தில் ஒருவர் நியாயமாக நம்பியிருந்தால் போதும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நள்ளிரவில் கதவை உடைத்து, கையில் அரிவாளோடு உள்ளே வந்தவனை நீங்கள் வெட்ட நேர்ந்து அவன் இறந்துபோனால், வழக்குப் பதிவாகும், விசாரணை நடக்கும். ஒரு மனிதர் இறந்திருக்கும்போது அது நடந்தே தீர வேண்டும். கைது ஆவதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் இறுதியில் தண்டனையிலிருந்து உங்களைக் காக்கச் சட்டத்தில் வலுவான இடம் இருக்கிறது.

எல்லாமே அந்த நேரத்தைப் பொறுத்தது. ஆபத்து தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, ஆபத்து முடியும்போது முடிகிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்று 37-ஆவது பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதனால்தான் முன்கூட்டியே கட்டிவைத்த கம்பிக்கு இந்த உரிமையில் இடமே இல்லை. அங்கே அஞ்சுவதற்கு ஆள் இல்லை, அளவு பார்ப்பதற்கும் ஆள் இல்லை.

நடைமுறையில் இந்த வழக்குகள் எங்கே சரிகின்றன என்று சொல்கிறேன். குறுக்கு விசாரணையில் நான் முதலில் எடுப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் சம்பவ இடத்தின் வரைபடத்தையும்தான். காயம் உடலின் முன்பக்கமா, முதுகிலா? ரத்தம் நடையில் கிடந்ததா, வாசலைத் தாண்டித் தென்னைக்கு அடியில் கிடந்ததா? எத்தனை வெட்டு? முதல் வெட்டில் விழுந்தவன்மேல் இரண்டாவது, மூன்றாவது எதற்கு? ஒயர் திருடிய ஒருவனைத் துரத்திப் போய் வரப்பில் வைத்து வெட்டிய ஒரு விவசாயிக்காக நான் ஆஜரானேன். நல்ல மனிதர். அதற்கு முன் காவல் நிலையத்தின் படியேறியவர்கூட இல்லை. ஆனால் வெட்டு பின்தோளில் இருந்தது. ஒயர்ச் சுருள் மோட்டார் ரூம் வாசலிலேயே கிடந்தது. பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவனிடமிருந்து எதைக் காப்பாற்றினீர்கள் என்று நீதிபதி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் எல்லை மீறியவருக்குக் கொலைக்குற்றம் குறைந்து, கொலையாகாத மரணக் குற்றமாகும். அப்படியே ஆனாலும் அது சிறைதான். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை.

இங்கிலாந்தையும் இதே கேள்வி உலுக்கியிருக்கிறது. 1999-ல் நார்ஃபோக் பகுதியில் தனியாக வசித்த ஒரு விவசாயி, இரவில் வீட்டுக்குள் புகுந்த இரண்டு பேரை உரிமம் இல்லாத துப்பாக்கியால் சுட்டார். பதினாறு வயதுப் பையன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். பாதி நாடு அவர் பக்கம், பாதி நாடு எதிர்ப்பக்கம். கொலைக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அவருடைய மனநிலையைக் காரணமாகக் கொண்டு அது குறைந்தது. 2003 வரை சிறையில் இருந்தார்.

மோட்டார் ரூம் பற்றி ஒரு நுணுக்கம். பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடமும் சட்டத்தின் பார்வையில் வீடு போலத்தான். ஆகவே இரவில் அதன் பூட்டை உடைப்பதும் 41-க்குள் வரும் என்று நான் வாதாட முடியும். ஆனால் 37 அங்கேயும் குறுக்கே நிற்கும். ஆள் குடியிருக்காத அறையில் ஒயரை வெட்டிக்கொண்டிருந்த நிராயுதபாணி ஒருவனின் உயிரை எடுத்ததற்கு எந்த நீதிபதியும் எளிதில் தலையசைக்க மாட்டார். அந்த வாதத்தை நம்பி நீங்கள் அரிவாளை எடுக்காதீர்கள். தோப்பில் தேங்காய் திருடுகிறவன் மீதோ உயிர் போகும் அளவுக்கான உரிமையே கிடையாது. தடுக்கலாம், மடக்கிப் பிடிக்கலாம், பறித்த பொருளை மீட்கத் துரத்தலாம். அவ்வளவே.

பிடித்தால் என்ன செய்வது? ஜாமீனில் வர முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். தென்னை மரத்தில் கட்டி வைத்து ஊரே சேர்ந்து அடிப்பது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அடிக்கிற ஒவ்வொருவரும் குற்றவாளி. கோவையை ஒட்டிய அட்டப்பாடியில் 2018-ல் அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். 2023-ல் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது நீதிமன்றம். பசியோடு இருந்த மனிதர் அவர். அப்போது வெளியான அவருடைய புகைப்படத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இனி துப்பாக்கி. இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை ஆகாது. உச்ச நீதிமன்றம் 2023-ல் இதை அமெரிக்காவோடு ஒப்பிட்டே சொன்னது. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கேட்டு விண்ணப்பிக்க உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம். மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி, வீட்டில் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி, அதன்பின் காவல்துறையின் அறிக்கை. ஏன் தேவை என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும்: இரண்டு ஒயர்த் திருட்டுக்கும் கொடுத்த புகாரின் ரசீதுகளை இணையுங்கள், வீடு தனித்திருப்பதைக் காட்டும் வரைபடத்தை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தால் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கர்நாடகத்தின் குடகில் கொடவர் சமூகத்தினருக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. 2019-ல் அதை மேலும் பத்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அவர்களுக்குக் கொடுத்ததை எங்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை.

நாட்டுத் துப்பாக்கி, யாரோ விற்கும் கள்ளத் துப்பாக்கி, இந்தப் பேச்சே வேண்டாம். திருடனைச் சுட்டதற்குத் தற்காப்பு என்று விடுதலை பெற்றாலும், உரிமம் இல்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றம் தனியாக நிற்கும். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. உரிமம் தேவைப்படாத சிறிய ஏர் கன் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அரிவாளோடு வருகிறவனை அது நிறுத்தாது. கண்ணில் பட்டால் கண் போகும். உங்கள்மேல் இன்னொரு வழக்கு.

விண்ணப்பியுங்கள் என்கிறேன். வாங்குங்கள் என்று மட்டும் என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை. காவல் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது, போலீஸ் வரும்வரையான அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் விவசாயிக்கு அரசிடம் பதில் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், சில மாதங்களில் சிவகிரி அருகே முதிய தம்பதி. இதைப் பார்த்தபிறகும் சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று மட்டும் எழுதினால் அது எனக்கே அவமானம். என் தயக்கம் வேறு இடத்தில். இவ்வாறான தாக்குதல் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். நாய் விடாமல் குரைக்கும், அல்லது கோழிக் கூண்டில் சத்தம் கேட்கும். என்னவென்று பார்க்க நீங்கள் லுங்கியோடு, டார்ச்சோடு வெளியே வருவீர்கள். அடி பின்னாலிருந்து விழும். துப்பாக்கி பீரோவுக்குள், தோட்டா வேறு இடத்தில். பூட்டாமல் தலைமாட்டில் வைத்தாலோ, விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், மழை பொய்த்து மனம் உடைந்துபோகும் வருடங்களும் இருக்கின்றன. தோட்டத்துக் குடும்பங்களில் அந்த மாதிரி வருடங்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே நடந்தது நினைவிருக்கும். தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை ஒருவன் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான். முகமூடி போட்ட இன்னொருவன் கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி, கையில் கிடைத்த செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்து வீசினார். கணவரும் விடுபட்டு எழுந்து நாற்காலியால் தாக்க, இருவரும் சேர்ந்து அவர்களை விரட்டினார்கள். அந்த அம்மாவின் சங்கிலி போனது; உயிர் போகவில்லை. தமிழ்நாடு அரசு அந்தச் சுதந்திர தினத்தில் அவர்களுக்கு வீரதீர விருது கொடுத்தது. அவர்களைக் காப்பாற்றியது, இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒருவருக்காக ஒருவர் உடனே பாய்ந்தது. வாசலில் கேமரா இருந்தது உலகம் பார்ப்பதற்கு உதவியது.

ஆகவே துப்பாக்கிக்கு ஆகும் செலவை முதலில் வேறு இடத்தில் போடுங்கள். நடைக்குக் கிரில் கேட், உள்ளேயிருந்து பூட்டும்படி. வாசல், களம், மோட்டார் ரூம் மூன்றுக்கும் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. அதன் சுவிட்சும் மெயினும் வீட்டுக்குள் இருக்கட்டும். ராத்திரி வெளியே கரண்ட் போனால், ஃபியூஸ் பார்க்கப் போகாதீர்கள். நாய் குரைத்தால் விளக்கைப் போட்டு, கிரில்லுக்கு உள்ளே நின்று குரல் கொடுங்கள். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். லாக்கரில் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும். சுற்றியுள்ள தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு வைத்து, ஒருவர் போன் அடித்தால் நான்கு வண்டிகள் கிளம்பும்படி பேசி வையுங்கள். அரை கிலோமீட்டரில் இருக்கிறவர்தான் உங்கள் முதல் காவல் நிலையம். இரவு ரோந்து உங்கள் தோட்டம் வழியாக வர வேண்டும் என்று ஆய்வாளரிடம் எல்லாரும் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள்; முப்பது பேர் கேட்டால் வருவார்கள்.

அப்படியும் ஒரு நாள் நடந்துவிட்டால்: உடனே 112-க்கு அழையுங்கள். யாரைத் தாக்கினீர்களோ அவனுக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அவன் உயிர் பிழைத்தால் அது உங்களுக்கும் நல்லது. நீங்கள் கேட்டீர்கள் என்பது பின்னால் நீதிமன்றத்தில் பேசும். ரத்தத்தைக் கழுவாதீர்கள், உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்யாதீர்கள், அவன் கொண்டுவந்த கடப்பாரையைத் தொடாதீர்கள். உங்கள் உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்; எந்தத் தாக்குதலும் இல்லாமல் நீங்களே வெட்டினீர்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஒரு தாள் அவர்களுக்குப் பதில் சொல்லும். கதை கட்டாதீர்கள். பயந்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, நான் வெட்டவே இல்லை, அவனே விழுந்தான் என்று சொல்வது. அப்படிச் சொன்ன வாயால் பிறகு தற்காப்பு என்று சொல்வது கடினம். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக் கூடியது என்று காட்டினால் போதும். நடந்ததை நடந்தபடி, வழக்கறிஞரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தற்காப்பு என்று சொல்லி நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் முக்கால்வாசி, திருடனால் வந்தவை கிடையாது. வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை. நிலம் அனுபவத்தில் உங்களிடம் இருந்து, அடுத்தவர் டிராக்டரோடு வந்து பிடுங்கப் பார்த்தால் எதிர்க்கும் உரிமை உண்டு. 1967-ல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுபவத்தில் இருந்த குத்தகைதாரரின் தரப்புக்கே விடுதலை கொடுத்தது. ஆனால் அவர் பல வருடமாக உழுது கொண்டிருக்கும் நிலத்தை, பட்டா என் பெயரில் என்று நீங்கள் ஆளோடு போய்ப் பிடித்தால் உரிமை அவர் பக்கம் போய்விடும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் வரப்புச் சண்டைக்கும் அதுதான் வெளியே வரும். என் தயக்கத்துக்கு இதுவும் காரணம்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் படிக்கக் கொடுங்கள். நீங்கள் சந்தைக்கோ கல்யாணத்துக்கோ போய்த் தங்கிவிட்ட இரவில், வயதான அத்தையோடு தனியாக இருப்பது அவர்தான். மேலே சொன்ன உரிமை முழுவதும் அவருக்கும் உண்டு. கிரில் கேட்டின் சாவி எங்கே, எந்த நம்பரை முதலில் அழுத்த வேண்டும், பக்கத்துத் தோட்டத்தில் யார் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிவது போலவே அவருக்கும் தெரிந்திருக்கட்டும். விண்ணப்பத்துக்கான தாள்களைச் சேர்த்ததும் எழுதுங்கள். ஆட்சியருக்கான மனுவை நான் சரிபார்த்துத் தருகிறேன்.